துளை வேண்டாம், கம்பி போதும்

பொறுக்கிய கல்லில் நகை செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் துளைபோடும் கருவியைத் தேடுகிறார்கள். அந்தச் செலவு வீண் என்பேன். ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குவார்ட்ஸ் எனும் பளிங்கிலும் சூதுபவளத்திலும் நுணுக்கமாகத் துளையிட்டு மணி செய்திருக்கிறார்கள். அகழாய்வில் வேலை முடியாத மணிகளும் கிடைத்தன. அது பட்டறைத் தொழில். பழகிய கைக்கே வசப்படும். பளிங்கின் கடினம் மோஸ் அளவில் 7. பேனாக்கத்தியால் கீறினால் கத்திதான் தேயும். வீட்டு மேசைக்குத் தோதானது கம்பிக்கட்டுதான். மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் செம்புக் கம்பியே போதும். 20 கேஜ் கம்பி இரண்டை இணைத்துக் கல்லின் விளிம்போடு வளைத்து, 28 கேஜ் கம்பியால் இடையிடையே நெருக்கிச் சுற்றி, மேலே மூக்குக் குறட்டால் ஒரு வளையம் திருப்பினால் பதக்கம் தயார். வெட்டிய முனையை உள்பக்கம் மடக்காவிட்டால் துப்பட்டா நூலைப் பிடித்து இழுக்கும். வெறும் செம்பு வியர்வை பட்டால் கழுத்தில் பச்சை படியும். வைண்டிங் கம்பியின் எனாமல் பூச்சு சுரண்டாதவரை அதைத் தடுக்கும். கல்லுக்கு மட்டும் வார்னிஷ் பூசாதீர்கள். ஆறு உருட்டிய வழவழப்பை அது பிளாஸ்டிக் ஆக்கிவிடும். பொறுக்குவதற்கும் ஒரு வரம்பு உண்டு. கொடுமணல் போன்ற தொல்லியல் இடங்களில் ஒரு சில்லைக்கூடத் தொடக் கூடாது. அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதே வரலாற்றுச் சான்று. இடம் பெயர்ந்தால் அது வெறும் கல். நம் ஆசைக்கு வீடு கட்டக் கொட்டிய ஆற்றுமணலிலேயே தாராளமாகக் கல் கிடைக்கும்.