பம்ப்செட்டுக்குக் காட்டும் அக்கறையைப் படகுக்கும் காட்டுங்கள்

உழவுக்கு இறங்கும் முன் டிராக்டரில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். மருந்து அடிக்கும் முன் தெளிப்பானின் நாசிலைக் கழற்றிக் கழுவுகிறோம். பம்ப்செட்டின் சத்தம் சற்று மாறினாலே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். ஆனால் ஏரியில் மீன் வளர்ப்பவர்களும் அணையில் வலை விடுபவர்களும் தங்கள் பரிசலை, சிறு ஃபைபர் படகை அப்படிப் பார்ப்பதில்லை. கரையில் கவிழ்ந்து கிடப்பதை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளி ஏறிவிடுகிறோம்.

பம்ப்செட் பழுதானால் ஒரு நாள் பாசனம் தள்ளிப்போகும். நடு ஏரியில் படகு பழுதானால் ஒரு குடும்பமே நிலைகுலைந்துவிடும். இந்த வேறுபாட்டை நாம் இன்னும் மனதில் வாங்கவில்லை. நீரில் மூழ்கி ஒருவர் இறந்தால் "விதி" என்று சொல்லிக் கலைந்து போகிறோம். பெரும்பாலும் அது விதி அல்ல. கரையில் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஒரு குறைதான்.

நீச்சல் மட்டும் போதுமா?

"எனக்கு நீச்சல் தெரியும், எனக்கு எதற்கு லைஃப் ஜாக்கெட்?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கிணற்றில் நீந்துவது வேறு. வலை விட்டிருக்கும் இடத்தில் படகு கவிழ்ந்தால் காலில் வலை சுற்றும், நனைந்த வேட்டி கால்களைப் பின்னும், ஆகாயத்தாமரையும் பாசியும் கையை இழுக்கும். தலை படகில் மோதி மயங்கினால் எவ்வளவு நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

இன்னொரு குறையும் சொல்கிறார்கள். ஜாக்கெட் போட்டால் வெக்கை தாங்கவில்லை, வலை இழுக்கத் தோள் திரும்பவில்லை என்பது அது. இது நியாயமான குறைதான். தடித்த ஜாக்கெட் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும். அதற்காக ஜாக்கெட்டே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. கை, தோள் தடையில்லாமல் அசையும் மெல்லிய வகைகள் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை உட்கார மெத்தையாகப் போடாதீர்கள். அழுந்தி நசுங்கிய பஞ்சு மிதக்கும் திறனை இழக்கும். வாரும் கொக்கியும் உறுதியாக உள்ளனவா என்று பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் ஒருமுறை மிதந்து சோதியுங்கள். பெரியவரின் ஜாக்கெட்டைச் சிறுவனுக்கு மாட்டினால் அது தலைவழியே கழன்றுவிடும்.

லாரி டியூபிலும் தெர்மோகோல் மிதவையிலும் உட்கார்ந்து வலை விடுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டியூபில் ஒரு முள் குத்தினால் போதும், பிறகு பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அவற்றைப் படகு என்று எண்ணாதீர்கள்.

கரையிலேயே பாருங்கள்

மூங்கில் பரிசல் வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் அதைத் தண்ணீரில் விட்டுவைக்காமல், கரையேற்றிக் கவிழ்த்து உலர விடுங்கள். ஈரத்திலேயே கிடந்தால் மூங்கில் மக்கும். வாரம் ஒருமுறை பின்னலை விரலால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கும் இடத்தில் புது மூங்கில் பட்டை சேர்த்துக் கட்டுங்கள். மேலே போர்த்திய தார்ப்பாயில் ஓட்டை இருந்தால் ஒட்டுப் போட்டுத் தார் பூசுங்கள். பாறையிலும் கட்டாந்தரையிலும் இழுக்காமல் இருவர் தூக்கிச் செல்வதே நல்லது.

ஃபைபர் படகுக்கு அதிகச் சேதம் வருவது அடிப்பகுதியில்தான். கரையில் இழுத்து இழுத்து மேல்பூச்சு தேய்ந்து, உள்ளே இருக்கும் நார் வெளியே தெரியும். அந்த இடத்தில் நீர் ஊறும். மயிரிழை போன்ற வெடிப்பையும் விடாதீர்கள். நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து அடைக்க வேண்டும். ஈரத்தின் மேல் வைத்த ஒட்டு நிற்காது. முன்பு இருவர் தூக்கிய படகை இப்போது நால்வர் தூக்க வேண்டியிருந்தால், உள்ளே மூடிய அறைகளில் தண்ணீர் புகுந்திருக்கலாம். கவிழ்ந்தாலும் மூழ்காமல் படகைத் தாங்குபவை அந்த அறைகள்தான். அடியில் நீர் வடிய விடும் துளையின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மோட்டார் பொருத்தியவர்கள் இன்னும் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மோட்டாரைப் படகோடு பிடிக்கும் திருகுகள் இறுகியிருக்கின்றனவா? பெட்ரோல் குழாயில் வெடிப்போ கசிவோ உண்டா? மோட்டார் ஓடும்போது குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சி வெளியே வருகிறதா? வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், மோட்டார் சூடேறி இறுகிவிடும். அவசர நிறுத்தக் கயிறு ஓட்டுபவரின் உடலோடு கட்டப்பட்டிருக்கிறதா? அவர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது அதுதான். விசிறியில் வலை சுற்றினால் மோட்டாரை அணைத்த பிறகே கை வையுங்கள். எரிபொருளை மூன்று பங்காக எண்ணிக்கொள்ளுங்கள்: போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு. மோட்டார் இருந்தாலும் துடுப்பு இல்லாமல் புறப்படக் கூடாது.

நீர் இறைக்க ஒரு பிளாஸ்டிக் வாளி, நீளமான கயிறு, வலை அறுக்கக் கத்தி, விசில், டார்ச், நீர் புகாத உறையில் செல்போன் ஆகியவை எப்போதும் படகில் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

விருந்தாளிகளை ஏற்றும்போது

விடுமுறைக்கு வரும் உறவினரின் பிள்ளைகள் "மாமா, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க" என்று கேட்கும்போது மறுப்பது கடினம்தான். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில், விடுமுறையைக் கழிக்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை நினைவில் வையுங்கள். மீன்பிடிப் படகு வலைக்கும் தொழில் தெரிந்த இரண்டு மூன்று பேருக்கும் செய்யப்பட்டது. அவர்களுக்குப் படகின் ஆட்டம் தெரியும். புதியவர்கள் படம் எடுக்க எழுந்து நிற்பார்கள், எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். படகு கவிழ அதுவே போதும்.

ஆளுக்கொரு ஜாக்கெட் இல்லையென்றால் ஏற்றாதீர்கள். குழந்தைகளைப் படகின் நடுவில் கீழே உட்கார வையுங்கள். குடித்தவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் கரையிலேயே இருக்கட்டும். மறுத்தால் வரும் மனக்கசப்பு இரண்டு நாளில் ஆறிவிடும்.

வானமும் மதகும்

கோடையில் மாலை நேர இடிமழை சொல்லாமல் வரும். பரந்த நீர்ப்பரப்பில் மின்னலுக்கு உயரமாகத் தெரிவது படகில் இருக்கும் ஆள்தான். முதல் இடி கேட்டதும் வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். மின்னல் எச்சரிக்கைக்காக மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலியைச் செல்போனில் வைத்துக்கொள்ளலாம். அணையில் நீர்மட்டம் இறங்கும் காலத்தில் மரக்கட்டைகளும் பாறைகளும் மேலே நெருங்கி வந்திருக்கும்; பழகிய பாதையிலும் மெதுவாகச் செல்லுங்கள். தண்ணீர் திறந்திருக்கும்போது மதகு, கலிங்கு பக்கம் போகவே கூடாது.

படகு கவிழ்ந்துவிட்டால் கரையை நோக்கி நீந்த முயலாதீர்கள், படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் இருப்பவரும் குதிக்க வேண்டாம். கயிற்றையோ மூடிய காலி கேனையோ வீசுங்கள், 112-க்கோ 108-க்கோ அழையுங்கள்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மீன்குஞ்சு இருப்பு, தீவனம், நோய் என்று எத்தனையோ பயிற்சிகள் நடக்கின்றன. அவற்றில் படகுக்கும் உயிர்காப்புக்கும் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அறையில் படம் காட்டுவதைவிட, ஏரிக்கரையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு வெடிப்பைத் தொட்டுக் காட்டுவது மனதில் நிற்கும். ஏரியைக் குத்தகைக்கு எடுக்கும் சங்கங்கள் மீன்குஞ்சு, தீவனச் செலவோடு ஜாக்கெட் விலையையும் முதல் செலவாக எழுதலாம். அதுவும் ஓர் இடுபொருள்தான்.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவின் குழு விபத்துக் காப்பீட்டில், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தாலோ ரூ.5 லட்சம் வரையறுக்கப்பட்டுள்ளது. பயனாளி பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. கடல் மீனவர்களோடு மீன் வளர்ப்போரும் மீன் தொழிலாளர்களும் இதற்குள் வருவார்கள். உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் காப்பீட்டுப் பணம் போன ஆளைத் திருப்பித் தராது. இந்த வாரம் வலை எடுக்கப் புறப்படும் முன் படகை ஒருமுறை கவிழ்த்து, அடிப்பகுதி முழுவதும் கையால் தடவிப் பாருங்கள். பம்ப்செட்டைக் கவனிக்கும் கைக்கு அதன் குறை எங்கே என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகே படகைத் தண்ணீரில் இறக்குங்கள்.