பூக்கும் வரை பொறுக்கலாமா?

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு திண்டுக்கல் சமவெளித் தோட்டங்களில் யாரும் விதைக்காத செடிகள் தலைகாட்டும். பூக்கட்டும், பார்க்கலாம் என்று விட்டுவைப்பதே பொதுவான வழக்கம். கீழாநெல்லி, மூக்கிரட்டை, குப்பைமேனி போன்றவை என்றால் அதனால் கேடில்லை. கீழாநெல்லியைப் பிடுங்கி எறிவதுதான் நட்டம். சிக்கல் பார்த்தீனியத்தில். 1950-களில் புனேயில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இச்செடியின் இளம் இலை, ஆழமாகப் பிளவுபட்டுச் சாமந்தி இலையின் சாடையில் இருக்கும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். நிலக்கோட்டை வட்டாரம் போன்ற பூ விளையும் பகுதியில் சாமந்தி என்று ஏமாறுவது எளிது. ஆனால் பார்த்தீனியக் கன்று முதலில் தரையோடு ஒட்டி வட்டமாக விரியும். பிறகே தண்டு விடும், அதில் நீளவாக்கில் வரிகள் ஓடும். சிறு வெண்பூ வந்தபின் விழித்துப் பயனில்லை. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். தொட்டால் தோல் அரிக்கும், மகரந்தம் மூச்சிரைப்பைத் தூண்டும். மற்ற செடிகள் எவை என்று அறிய, பூத்த கிளையை உலர்த்தி, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம் போன்ற இடங்களில் ஒப்பிட்டுக் கேட்கலாம். அவ்வளவு பொறுமை பலருக்கு இல்லை என்பது வேறு. தரையொட்டிய சாமந்திச் சாடைக்கு மட்டும் தவணை கூடாது. மண் ஈரமாக இருக்கும்போதே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.