தெரிந்த சொல்லே திசை திருப்பும்

பழைய ஆங்கில இலக்கியங்களைப் பயிலும் நம் மாணவர்கள் இருவகைச் சொற்களை எதிர்கொள்கின்றனர். ஒன்று, இதுவரை கண்டும் கேட்டுமிராத அருஞ்சொல். மற்றொன்று, நாள்தோறும் நாவில் வழங்குகின்ற எளிய சொல். முன்னதைக் கண்டு அஞ்சி அகராதியை நாடுகின்றனர், பொருள் தெளிகின்றனர். பின்னதையோ, “இது தெரிந்ததுதானே” என்று கடந்து செல்கின்றனர். அவர்களை இடறச் செய்வது இவ்விரண்டாம் வகையே என்பது என் துணிபு.

வடிவம் மாறாதிருக்கப் பொருள் மாறுவது எல்லா மொழிகளுக்கும் உரிய இயல்பு. ‘நாற்றம்’ என்னும் சொல் முற்காலத்தில் நறுமணத்தையும் குறித்து, இன்று தீய மணத்தை மட்டுமே குறிப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். இதனை இழிபொருட்பேறு என்பர் மொழிநூலார். ஆங்கிலத்தில் ‘ஸில்லி’ என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. தொடக்கத்தில் அது ‘பேறு பெற்ற’ என்று பொருள்பட்டது. பின்னர்க் ‘கள்ளமற்ற’ என்றும், ‘இரங்கத்தக்க’ என்றும் படிப்படியாக இறங்கி, இன்று ‘அறிவற்ற’ என்னும் பொருளில் நிற்கிறது. ‘நைஸ்’ என்னும் சொல்லோ எதிர்த்திசையில் நடந்தது. அறியாமையைச் சுட்டும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த அது, 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசரின் காலத்தில் ‘மூடத்தனமான’ என்று பொருள் தந்தது. இன்று ‘இனிய’ என்று உயர்ந்துவிட்டது.

இப்பொருள் மாற்றத்தை அறியாமையால் விளையும் இழப்பு சிறிதன்று. ரோமியோ ஜூலியட் நாடகத்தின் மாடக் காட்சியில் ஜூலியட் வினவும் ‘வேர்ஃபோர்’ என்னும் சொல்லை ‘எங்கே’ என்று கொள்வோர் பலர். அதன் பொருள் ‘எதற்காக’ என்பதாகும். அவள் காதலனைத் தேடவில்லை. பகைக்குடியின் பெயரை அவன் ஏன் தாங்க வேண்டும் என்று வருந்துகிறாள். அந்நாடகத்தின் துயரம் முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியுள்ளது. ‘எங்கே’ என்று படிப்பவனுக்குக் காட்சி கிட்டும், நாடகம் கிட்டாது.

‘லெட்’ என்னும் சொல்லையும் நோக்குக. இன்று அது ‘விடு’, ‘இசைவளி’ என்று பொருள்படும். ஆனால் ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைப் பின்தொடரும்போது தன்னைப் பற்றி நிறுத்தும் தோழர்களை நோக்கிக் கூறும் எச்சரிக்கையில், அது ‘தடு’ என்னும் பொருளில் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருந்த இரு சொற்கள் பின்னாளில் ஓருருவம் எய்தியதன் விளைவு இது. ‘தடை’ என்னும் அப்பழம்பொருள் இன்றும் முற்றும் மறையவில்லை. நம் இந்தியக் கடவுச்சீட்டில், அதனை உடையவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு கேட்கும் வாசகத்தில் அச்சொல் அப்பொருளிலேயே அமர்ந்திருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் உறவினர் அதனைத் தம் சட்டைப்பையிலேயே சுமந்து செல்கின்றனர்!

இனி, ‘தௌ’ என்னும் முன்னிலைச் சொல். இதனைப் பெருமதிப்புச் சொல்லென்று கருதி ‘தேவரீர்’ என்று பெயர்ப்பாரும் உளர். அடிப்படையில் அஃது ‘நீ’ என்னும் ஒருமையே. பன்மைச் சொல்லே மரியாதைச் சொல்லாகவும் பரவ, 17ஆம் நூற்றாண்டளவில் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து பெரிதும் ஒதுங்கி, வழிபாட்டிலும் கவிதையிலும் தங்கியது. 1930இல் வெளிவந்த பிக்தாலின் திருக்குர்ஆன் பெயர்ப்பிலும், அப்பத்தாண்டிலேயே வெளிவந்த அப்துல்லாஹ் யூசுஃப் அலியின் பெயர்ப்பிலும் இதனைக் காணலாம். இது வெறும் பழமைப் பற்றன்று. அரபியில் முன்னிலை ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இக்கால ஆங்கிலத்தின் ‘யூ’ அவ்வேறுபாட்டைக் காட்டாது, ‘தௌ’ காட்டும். விளிக்கப்படுபவர் ஒருவரா, பலரா என்பதை அறிவிக்கும் சிறு சொல் அது. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாட்டில் வளர்ந்த தமிழர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

பழைய நூல்களை இக்கால நடைக்கு மாற்றிவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. தொடக்கநிலை மாணவர்க்கு அஃது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மாற்றுவோர் எப்பொருளைத் தேர்ந்தனரோ அதுவே நமக்குக் கிட்டும். சொல்லின் எஞ்சிய பொருள்கள் எட்டா. படிப்பவர் தாமே தெளிதல் வேண்டும்.

அதற்கு வழியும் உண்டு. 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் நிறைவெய்திய ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி, ஒவ்வொரு சொல்லின் பொருள்களையும் கால வரிசையில், எடுத்துக்காட்டுகளுடன் தருகிறது. கையடக்க அகராதியோடும் தேர்வுக் குறிப்பேடுகளோடும் நின்றுவிடும் மாணவன் இச்செல்வத்தை அறியாமலேயே பட்டம் பெற்றுவிடுகிறான். பாடநூல்களின் அடிக்குறிப்புகள் அருஞ்சொற்களுக்கு மட்டுமன்றிப் பொருள் மாறிய எளிய சொற்களுக்கும் விளக்கம் தருதல் வேண்டும். தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் திங்களுக்கு ஒரு முறையேனும் ஒன்றுகூடிச் சொல்வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம் பயக்கும்.

மாணவச் செல்வங்களே, தெரியாத சொல்லுக்காக அகராதியைத் திறப்பது கடமை. பழைய நூல்களைப் பயிலும்போது தெரிந்த சொல்லுக்காகவும் அதனைத் திறந்து பார்ப்பதே புலமையின் தொடக்கம்.