உறைந்தால் ஒழுகும்!

காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். காயமே இல்லாமல் உறைந்தால்? வில்லங்கம்.

ஏ.பி.எல். என்றொரு ரத்தப் புற்றுநோய். 1957-ல் நார்வே டாக்டர் ஹில்லஸ்டாட் விவரித்தது. இதன் செல்களில் ‘டிஷ்யூ ஃபேக்டர்’ என்ற புரதம் ஏராளம். அது உடம்பெங்கும் சின்னச் சின்னதாக ரத்தத்தை உறைய வைக்கும். உறைவதற்கான சரக்கெல்லாம் மாசக் கடைசிச் சம்பளம் மாதிரி காலி. அப்புறம் நிஜமாகவே கசிந்தால் அடைக்க ஆளில்லை. மூளையில் கசிந்தால் உயிருக்கே உலை.

1988-ல் ஷாங்காய் டாக்டர்கள், வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மருந்தான ‘அட்ரா’வால் நோய் தணிவதைக் காட்டினார்கள். அது கான்சர் செல்லைக் கொல்லாது, வளர்த்து ஆளாக்கிவிடும்! இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், முதல் சில நாட்களைத் தாண்டினால்.

எனவே ஸார், இடிக்காமலே உடம்பில் நீலத்திட்டு, ஈறில் நிற்காத ரத்தம் என்றால் பேஸ்ட்டை மாற்றிப் பார்க்காதீர்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. லீவு லெட்டர் அப்புறம்!