உறுமலுக்கு எர்த் ஒயரை வெட்டாதீர்கள்

மூலனூர், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் பல வீடுகளில் இன்னும் ‘அசெம்பிள் செட்’தான் பாடுகிறது. 4440 ஐசி போட்ட போர்டு, 12-0-12 டிரான்ஸ்பார்மர், ஒரு தகரப் பெட்டி, மூலைக்கொரு ஸ்பீக்கர். இரண்டு பாட்டுக்கு நடுவே ‘ம்ம்ம்’ என்று உறுமல் கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள்: “ஸ்பீக்கர் போயிருச்சுங்க”, “தறி ஓடுற லைனு, கரண்டு சரியில்லை”, “எர்த்தைக் கழட்டி விட்டா நின்னுரும்.” முதல் இரண்டையும் நம்பினால் காசு வீணாகும். மூன்றாவதை நம்பினால் உயிர் போகலாம்.

ஸ்பீக்கருக்குத் தானாக உறுமத் தெரியாது. ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு காகிதக் கூம்பு, அவ்வளவுதான் அது. ஆம்ப்ளிஃபையர் அனுப்புவதை அது அப்படியே சொல்லும். கூம்பு கிழிந்திருந்தால் பாட்டோடு சேர்ந்து கரகரக்கும். பாட்டு நின்றால் கரகரப்பும் நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் செட்டை அணைத்துவிட்டு, இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். சத்தம் அடுத்த பெட்டிக்குத் தாவினால் கோளாறு ஆம்ப்ளிஃபையர் பக்கம்தான்.

அடுத்தது கரண்டு. பக்கத்தில் போர் மோட்டார் போடும்போது ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்பது உண்மை. வோல்டேஜ் இறங்குவதும் உண்மை. ஆனால் தறியெல்லாம் நின்ற நேரத்திலும் விடாமல் உறுமினால் அந்தப் பழியைத் தறிமேல் போட முடியாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. செட்டுக்குள் இருக்கும் டையோடுகள் அதை நேர் மின்சாரமாக்கும்போது நொடிக்கு 100 துடிப்பு வருகிறது. அந்த மேடுபள்ளத்தை நிரவுவது பெரிய கெப்பாசிட்டரின் வேலை. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அதன் உள்ளீரம் காய்ந்துபோனால் துடிப்பு அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். உறுமல் குறையாமல் அப்படியே இருந்தால், அது வால்யூமுக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் பிறக்கிறது. பிளக்கை உருவிவிட்டு, டிரான்ஸ்பார்மருக்குப் பதில் 12 வோல்ட் பைக் பேட்டரியை, பிளஸ் மைனஸ் மாறாமல், போர்டில் கொடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். உறுமல் மறைந்தால் பவர் சப்ளையில்தான் கோளாறு. முதலில் மாற்ற வேண்டியது அந்தக் கெப்பாசிட்டர். புது ஸ்பீக்கர் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

வால்யூமைக் கூட்டக் கூட்ட உறுமலும் கூடினால் கோளாறு உள்ளே வரும் பக்கம். பெரும்பாலும் பாட்டு வரும் ஒயரின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் வலை) பின்னுக்குப் பக்கத்தில் அறுந்திருக்கும். கை வைத்தால் சத்தம் ஏறும், வேறு ஒயர் போட்டால் போய்விடும். (இதற்காக விலை கூடிய ஸ்பீக்கர் ஒயர் வாங்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். உறுமல் நுழையும் வழி அதுவல்ல.)

ஒயர் மாற்றியும் போகாவிட்டால்தான் எர்த் பேச்சு வருகிறது. அதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. லேப்டாப்பிலிருந்து பாட்டுப் போடும்போது, ஆம்ப்ளிஃபையர் ஒரு பிளக்கிலும் லேப்டாப் சார்ஜர் வேறொரு பிளக்கிலும் எர்த் எடுக்கின்றன. இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே, பாட்டு ஒயரின் ஷீல்டு வழியாக 50 சைக்கிள் மின்சாரம் சுற்ற ஆரம்பித்துவிடும். எர்த்தைக் கழற்றினால் அந்தச் சுற்று அறும், உறுமலும் நிற்கும். அதோடு பாதுகாப்பும் போய்விடும்.

டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் என்றைக்காவது கருகினால் 230 வோல்ட் தகரப் பெட்டிக்கு வரும். எர்த் இருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்கு ஓடி ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் வால்யூம் திருகும் கைக்காகக் காத்திருக்கும். பாட்டு ஒயர் வழியாக, ஒட்டியிருக்கும் லேப்டாப்புக்கும் போகும். வீடுகளில் மாட்டும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதற்குமேல் போனால் மனித உடம்பு தாங்காது என்பதே காரணம்.

வழி எளிது. லேப்டாப் சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி அந்தச் சுற்றுதான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பாட்டு ஒயரின் நடுவில் ஆடியோ ஐசொலேட்டர் போடலாம். சிறு டிரான்ஸ்பார்மர்தான் அது. பாட்டை விடும், சுற்றை அறுக்கும், எர்த்தைத் தொடாது.

மூலனூர் மழை குறைந்த மேட்டாங்காட்டுப் பூமி. கோடையில் எர்த் குழி காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாத கதைதான். கரியும் உப்பும் போட்ட அந்தக் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். உறுமலுக்குப் பயந்து ஏற்கனவே எர்த் ஒயரை வெட்டி வைத்திருப்பவர்கள், இன்று பாட்டுப் போடுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மறுபடி இணைத்துவிடுங்கள்.