ஒரு ஆற்றுக்கு மட்டுமே சொந்தமான மீன்



மீன் தொட்டியின் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கறுத்த மீனை நம்மில் அநேகருக்குத் தெரியும். 'டேங்க் கிளீனர்' என்போம். செதிலுக்குப் பதிலாக உடம்பெல்லாம் எலும்புத் தகடு, கவசம் போட்ட மாதிரி. அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா. அதே குடும்பத்து மீன் ஒன்று இன்று அங்கே அழிந்து போகும் நிலையில் இருக்கிறது.

அதன் பெயர் சீப்ரா பிளெகோ. கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட, விரலளவு மீன். பிரேஸிலில் ஷிங்கு ஆறு பெரிதாக வளைந்து போகும் 'வோல்டா கிராண்டே' பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. வேகமாக ஓடும் தண்ணீருக்குள் பாறை இடுக்குகள்தான் அதன் வீடு. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். ஆண் மீன் காவல் காக்கும். குறைந்துவிட்டால் திரும்பப் பெருகுவது லேசல்ல.

அழகே அதற்கு முதல் ஆபத்தானது. 2004இல் பிரேஸில் இதைப் பிடிப்பதைத் தடை செய்தது, கடத்தல் நிற்கவில்லை. 2022இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஆனால் பெரிய ஆபத்து பெலோ மொன்டே அணை. 2011இல் வேலை தொடங்கி 2019இல் முடிந்தது. 11,233 மெகாவாட் கொள்ளளவு. அந்த வளைவுக்குப் போக வேண்டிய தண்ணீரில் 80 சதவீதம் வரை கால்வாய் வழியே திருப்பிவிட முடியும். ஓட்டம் குறைந்தால் தண்ணீர் சூடாகும், பாறை இடுக்குகளில் சேறு படியும்.

"மீனை விட மனிசருக்குக் கரன்ட் முக்கியமில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகாவலி அணைகளின் கரன்டில் நாமும்தான் விளக்கெரிக்கிறோம். ஆனால் அந்த வளைவில் மீன் மட்டுமா இருக்கிறது? மீனை நம்பியே வாழும் ஜுருனா பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். கரன்ட் போவது வேறு ஊர்களுக்கு, ஆறு வற்றுவது இவர்களுக்கு. ஆகவே இது மீனா மனிசரா என்ற வழக்கல்ல. ஆற்றுக்கு அதன் பங்குத் தண்ணீரைக் கொடுக்கிறோமா என்பதுதான் வழக்கு.

தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்கிறார்கள், உண்மைதான். அதனால் ஆறு திரும்பி வராது.

இங்கே நாம் செய்வது இதற்கு நேர்மாறு. வளர்ந்துவிட்டது என்று டேங்க் கிளீனரைக் குளத்திலும் ஆற்றிலும் விடுகிறோம். மகாவலி நீர்த்தேக்கங்களிலும் அது பெருகிவிட்டது. அதன் முள் வலையைக் கிழிக்கிறது; நட்டம் நம் மீனவருக்கு.

அங்கே இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு மீனை இல்லாமலாக்குகிறோம். இங்கே இருக்கக் கூடாத இடத்தில் இன்னொன்றைப் பெருக்குகிறோம். இரண்டிலும் கை நம்முடையது. படைப்பினங்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோமே, அதை நாமும் கடைப்பிடிப்போம். வேண்டாத மீனை ஆற்றில் விடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுப்போம். புதிதாக வாங்கும்போது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு வளரும் என்று கேட்டு வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.