குடியிருக்கும் வீடும் வருவாய் தரும் வீடும்

கொழும்பில் ஒரு வீடு என்பது நம்மவர்க்கு வெறும் சொத்தன்று. பெண்ணுக்கு அது சீதனம், பிள்ளைக்குப் படிக்குமிடம், ஊரில் இடர் நேருங்கால் ஒதுங்கும் நிழல். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வீடிழந்த குடும்பங்களுட் பல, பின்னாளில் அதே வெள்ளவத்தையிலே தொடர்மாடிகள் எழுந்தபோது திரும்பி வந்து வீடு வாங்கியதற்கும் இவ்வுணர்ச்சியே காரணமாகும். இதனைக் குறைகூறுவார் எவருமிலர்.

ஆயின், அண்மைக் காலத்தில் நம் பழைய மாணவரிடையே வேறொரு நாட்டமும் வளர்ந்து வருகின்றது. ஓய்வுபெறுங்கால் கையிற் கிடைக்கும் ஊழியர் சேமலாப நிதியையோ, கடல்கடந்து உழைத்துச் சேர்த்த பணத்தையோ கொண்டு, நான்கு குடிகள் ஆறு குடிகள் இருக்கத்தக்க கட்டடத்தை வாடகை வருவாய்க்கென்றே வாங்குதலே அது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் விலையால் எட்டாதவிடத்து, மாநகர எல்லையை ஒட்டிய ஒருகொடவத்தைப் பக்கம் கண் திரும்புகின்றது. இவ்வழியிற் புதிதாக அடியெடுத்து வைப்போர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்றே: குடியிருக்கும் வீட்டை மனத்தாற் தெரிந்துகொள்ளலாம், வருவாய் தரும் வீட்டைக் கணக்காலும் ஆவணத்தாலுமே தெரிதல் வேண்டும். முன்னதற்குரிய ஆசையை முதலாக வைத்துப் பின்னதை வாங்குவோர் இடர்ப்படுவர்.

சட்டத்தின் போக்கினை முதற்கண் அறிதல் நன்று. 1973ஆம் ஆண்டு இந்நாட்டில் இரு சட்டங்கள் பிறந்தன. வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கு எல்லை வகுத்து, மிகுதியை அரசிடம் சேர்ப்பித்தது. வாடகைக்கென வரிசை வரிசையாக வீடு கட்டிய பழைய வழக்கம் அதனோடு தளர்ந்தது. அதே ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமோ, ஒரே கட்டடத்தின் பகுதிகளைப் பலர் தனித்தனி உறுதியுடன் உடைமையாக்கிக் கொள்ள வழி செய்தது. ஒன்று பல வீடுகளை ஒரு கையிலிருந்து பிரித்தது. மற்றையது ஒரு கட்டடத்தைப் பல கைகளிற் கொடுத்தது. அன்று சட்டத்தின் மாற்றத்தை எதிர்பாராது வீடுகளிலே முதலிட்டோர் பட்ட பாட்டினைக் கொட்டாஞ்சேனை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். வீட்டில் இடும் முதல் அரசின் கொள்கைக்கும் உட்பட்டதென்பது அதனாற் பெறப்படும் பாடம்.

இனி, ஆராய வேண்டுவன நான்கு. முதலாவது உரித்து. விற்பவர் காட்டும் உறுதியின் படி போதாது. காணிப் பதிவகத்திலே முப்பது ஆண்டுப் பதிவுகளையேனும் தேடுவித்து, ஈடு, வழக்கு, பங்குரிமை எவையும் தொடர்கின்றனவா என்று நொத்தாரிசு மூலம் அறிதல் வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்திலுள்ள மாடிகளும் கண்முன்னே நிற்கும் மாடிகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றனவா என்பதையும் இணக்கச் சான்றிதழ் உண்டா என்பதையும் பார்க்க. 2017 மே மாதத்தில் வெள்ளவத்தையிலே பலமாடிக் கட்டடமொன்று இடிந்து வீழ்ந்த செய்தி எவர்க்கும் எச்சரிக்கையாக அமையத்தக்கது. நெடுங்காலக் குடிகள் இருக்கும் பழைய வீடாயின், 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் அவர்க்குள்ள உரிமை யாதென்று சட்டத்தரணியிடம் கேட்டறியாது முற்பணம் கொடுத்தலாகாது.

இரண்டாவது நிலம். ஒருகொடவத்தையின் சிறப்பினை யாரும் மறுக்கவியலாது. பேஸ்லைன் வீதியும் வெல்லம்பிட்டிப் பக்கம் செல்லும் வீதியும் கூடுமிடம் அது. 2021 நவம்பரிலே திறக்கப்பட்ட புதிய களனிப் பாலமோ அண்மையிலுள்ளது. துறைமுகத்தையும் கொள்கலன் முற்றங்களையும் நம்பி வாழ்வோர் அருகிலே வீடு தேடுவராதலின், வாடகைக்கு ஆள் கிடைத்தலும் அரிதன்று. எனினும் அதே களனி கங்கை கரை கடந்த ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1947, 1989, 2016, 2025 ஆகிய ஆண்டுகளின் வெள்ளம் கொலன்னாவைத் தாழ்நிலங்களைச் சூழ்ந்தது. அயலிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14ஆம் நாள் சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. ஆழமறியாமற் காலை விடாதே என்பது முதுமொழி. ஆதலின் வெயிற்காலத்திற் சென்று பார்த்ததுடன் அமையாது, அடைமழைக்காலத்திலும் ஒருமுறை சென்று, அயல்வீட்டுச் சுவரிலே வெள்ளம் விட்ட கறை எவ்வளவு உயரமென்று பார்த்து, தரைத்தளத்துக் குடிகளிடமும் விசாரித்தல் அறிவுடைமை.

மூன்றாவது கணக்கு. எடுத்துக்காட்டாக, 5 கோடி ரூபா கேட்கப்படும் நான்கு குடிக் கட்டடம் ஒன்றைக் கொள்வோம். குடிக்கு மாதம் 60,000 ரூபா வாடகையாயின் ஆண்டுக்கு 28 இலட்சத்து 80 ஆயிரம். தரகர் கூறுவது இத்தொகையையே. ஒவ்வொரு வீடும் ஆண்டில் ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்குமென்று 2 இலட்சத்து 40 ஆயிரத்தைக் கழிக்க. சோலைவரி, காப்புறுதி, காவல், நீர் இறைக்கும் மோட்டார், வர்ணம், கூரை ஒழுக்கு ஆகியவற்றுக்கு 6 இலட்சத்து 40 ஆயிரத்தைக் கழிக்க. எஞ்சுவது 20 இலட்சம். அஃதாவது இட்ட முதலுக்கு நூற்றுக்கு 4. இதன் பாதியைக் கடனாக நூற்றுக்கு 12 வட்டிக்கு வாங்கியிருப்பின் வட்டி மட்டும் 30 இலட்சமாகும். அப்பொழுது வீடு உடையவனைப் போற்றாது. உடையவனே வீட்டைப் போற்ற வேண்டியவனாவான்.

நிலத்தின் விலை ஏறுமே என்பர் சிலர். 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைகள் முன்னைய ஆண்டினும் ஏறத்தாழ நூற்றுக்கு 70 உயர்ந்தபோது, ரொக்கம் வைத்திருந்தோர் நலிந்தமை உண்மையே. ஆயினும் அவ்வாண்டின் இறுதியிலே மூன்று மாதத் திறைசேரி உண்டியலின் விளைவு நூற்றுக்கு 30இனை மேவியதும் 2025இலே அது 8இன் அண்மைக்கு இறங்கியதும் உண்மையன்றோ? விலையேற்றம் நம்பிக்கை, வாடகையே வருவாய். நம்பிக்கையை வருவாய்ப் பத்தியிலே எழுதுதல் கணக்கியலுக்கு ஒவ்வாது. அயலிலே உண்மையாக விற்ற விலையையும் உண்மையாகக் கொடுபடும் வாடகையையும் பத்து வீடுகளுக்கேனும் குறித்துக்கொண்ட பின்னரே விலை பேசுக.

நான்காவது கூட்டுப் பொறுப்பு. முழுக் கட்டடத்தையும் வாங்க இயலாது தொடர்மாடியிலே ஓரிரு வீடுகளை வாங்குவோர்க்கு இது மிக முக்கியம். உடைமையாளர் யாவரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒழுங்காகக் கூடுகின்றதா, பொதுநிதி எவ்வளவு, நிலுவை வைத்திருப்போர் எத்தனைபேர் என்று கேட்டறிக. பலர் அடித்த பாம்பு சாகாது என்பார்கள்; பலருக்குச் சொந்தமான மின்னுயர்த்தியும் அவ்வாறே பழுதுபட்டுக் கிடக்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சேர்ப்சைட் என்னுமிடத்திலே 2021 ஜூன் 24ஆம் நாள் பன்னிரு மாடிக் கட்டடத்தின் பெரும்பகுதி வீழ்ந்து 98 பேர் மாண்டனர். பொறியியலாளர் ஒருவர் 2018இலேயே அதன் பழுதுகளை எழுதிக் கொடுத்திருந்தார். திருத்தச் செலவு பற்றிய இழுபறியிலே ஆண்டுகள் கழிந்தன. செல்வ நாட்டிலே நேர்ந்தது இங்கு நேராதென்று எவர் கூறவல்லார்?

வீடு வாங்கவே வேண்டாமென்பது எம் கருத்தன்று. நான்கு சோதனையிலும் தேறும் கட்டடம் ஒருகொடவத்தையிலும் உண்டு. தேறாதது வெள்ளவத்தைக் கடற்கரையிலும் உண்டு. முகவரியின் பெருமை வாடகைப் பற்றுச்சீட்டில் ஏறுவதில்லை. நம் சங்கத்திலே நொத்தாரிசுமார், நில அளவையாளர், பொறியியலாளர், கணக்காளர் யாவரும் உளர். ஓய்வூதியப் பணத்தை ஒப்படைக்கப் போகும் ஓர் உறுப்பினருக்கு இந்நால்வரும் ஒரு மாலைப்பொழுதை அளிப்பாராயின், அஃது ஆண்டு விருந்தினும் பெரிய பணியாகும். வணிகப் பிரிவு மாணவரும் உடன்சென்று அக்கணக்கினைத் தம் கையாற் போட்டுப் பார்ப்பாராக. வாழ்நாள் உழைப்பின் பயன் ஒரு கையொப்பத்தில் அடங்குவதாதலின், அக்கையொப்பத்துக்கு முன் ஆறு மாதம் ஆராய்தல் காலதாமதம் ஆகாது.